ஓரிகன் கடற்கரை முகாமில் அந்த நீலப் பலகையையும் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆர்.வி. எனப்படும், படுக்கையும் கழிவறையும் உள்ள வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கடற்கரையைச் சுற்றிவந்த குடும்பத்தின் கட்டுரையை உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். ஆறு மாதம் முன்பே இடம் பதிவு செய்துவிட வேண்டும் என்பதில் தொடங்கி, கழிவுத் தொட்டிகளைக் காலிசெய்யும்போது கழிவறைத் தண்ணீரை முதலில் விட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரை அப்புறம் விட்டால் குழாய் அலசப்பட்டுவிடும் என்பது வரை எல்லாம் உபயோகமான செய்திகள். ஆனால் கட்டுரையோடு வந்த படத்தில் குழந்தைகளுக்குப் பின்னால் ஒரு நீலப் பலகை தெரிகிறது. பெரிய அலையிலிருந்து தப்பி ஒரு மனித உருவம் மேட்டில் ஏறுவதுபோல் அதில் வரைந்திருக்கும். அது சுனாமி எச்சரிக்கைப் பலகை. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் நாகப்பட்டினத்தில் பிறந்தவள். 2004 டிசம்பர் 26 காலையில் ஊரில்தான் இருந்தேன். இப்போது போர்ட்லாந்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். கோடை வந்தால் நாங்களும் ஆர்.வி.யோடு கடற்கரைக்குக் கிளம்பிவிடுவோம். 1967-இல் டாம் மெக்கால் ஆளுநராக இருந்தபோது வந்த சட்டத்தால் ஓரிகனின் கடற்கரை முழுக்கப் பொதுமக்களுக்கு உரியது. யாரும் வேலி போட்டு மறிக்க முடியாது. நெடுகிலும் மாநிலப் பூங்கா முகாம்கள் இருக்கின்றன. மின்சாரம், தண்ணீர் இணைப்போடு மரங்களுக்கு நடுவே இடம் கிடைக்கும். பத்து நிமிடம் நடந்தால் அலை. இதைவிட நல்ல விடுமுறை எனக்குத் தெரியாது. போகாதீர்கள் என்று சொல்ல நான் எழுதவில்லை.

வடகலிபோர்னியாவிலிருந்து கனடாவின் வான்கூவர் தீவு வரை கடலுக்கடியில் காஸ்கேடியா என்ற நிலப்பிளவு ஓடுகிறது. கடைசியாக அது பெரிதாக முறிந்தது 1700 ஜனவரி 26 இரவு. நிலநடுக்க அளவு 9 வாக்கில் இருந்திருக்கும் என்கிறார்கள். அந்த அலை பசிபிக்கைக் கடந்து ஜப்பான் கரையில் ஏறியதை அங்கே எழுதிவைத்திருந்தார்கள். அதை வைத்துத்தான் இங்கே நிலம் அதிர்ந்த நாளையே கண்டுபிடித்தார்கள். மறுபடியும் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

2004-இல் சுமத்ராவில் நம் ஊர் நேரப்படி காலை ஆறரை மணி வாக்கில் நிலம் அதிர்ந்தது. நாகையில் கடல் ஏறியபோது மணி ஒன்பதை நெருங்கிவிட்டது. இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும் எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். காஸ்கேடியா கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே நிலம் ஆடி அடங்கியபின் 15, 20 நிமிடங்களில் முதல் அலை வந்துவிடும். சங்கு ஊதும், கைப்பேசியில் செய்தி வரும் என்று உட்கார்ந்திருக்க நேரமில்லை. நிலம் ஆடுவதுதான் எச்சரிக்கை.

தூரத்திலிருந்து வரும் அலையும் உண்டு. 1964 மார்ச்சில் புனித வெள்ளியன்று அலாஸ்காவில் நிலம் அதிர்ந்தது. அந்த அலை அன்று இரவு ஓரிகனில் நியூபோர்ட் ஊருக்கு வடக்கே பெவர்லி பீச்சை எட்டியது. அங்கே மணலில் ஒரு குடும்பம் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அவர்களின் நான்கு குழந்தைகளைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஸ்பென்சர் ஓடையையொட்டி, நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே கடலுக்குப் போகும் நடைபாதையோடு இருக்கும் அதே பெவர்லி பீச் முகாமில்தான் இன்று நம்மவர்கள் தோசைக்கல்லோடு வந்து தங்குகிறார்கள். இப்படித் தொலைவிலிருந்து வரும் அலைக்கு இன்று சில மணி நேரம் முன்பே எச்சரிக்கை கிடைக்கும், வந்து எழுப்புவார்கள். பக்கத்தில் கிளம்பும் அலைக்கு அப்படி யாரும் வர முடியாது.

ஆர்.வி. வைத்திருப்பவர்களுக்கு ஒரு தைரியம் இருக்கிறது. "வண்டிதான் இருக்கே, ஏறிப் போயிடலாம்" என்று நண்பர்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முகாமில் வண்டியை நிறுத்தியதும் நாம் செய்வதை நினைத்துப் பாருங்கள். சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து மட்டம் பார்க்கிறோம். மின்கம்பியைச் செருகுகிறோம். தண்ணீர்க் குழாயைத் திருகுகிறோம். கழிவுக் குழாய் இணைப்பு இருக்கும் இடமென்றால் அதையும் மாட்டுகிறோம். பக்கச் சுவரை வெளியே தள்ளி உள்ளே இடத்தை அகலமாக்குகிறோம், வாசலில் கூரைத் துணியை விரிக்கிறோம். இவ்வளவையும் பகலில் நிதானமாகக் கழற்றவே பழகினவருக்கு அரைமணி பிடிக்கும். அதுவும் நடுராத்திரி, மின்சாரம் போன இருட்டில், மழையில் என்றால்? கழற்றி முடித்தாலும் கரையோரம் போகிற பெரிய சாலை 101-ஆம் எண் நெடுஞ்சாலை ஒன்றுதான். அவ்வளவு பெரிய அதிர்ச்சியில் பாலம் நிற்குமா, மண் சரியுமா என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால்தான் நடந்து போங்கள் என்று அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வண்டி போனால் போகட்டும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். முகாமுக்குப் போனதும் இணைப்புகளை மாட்டிவிட்டு, டீ போடுவதற்கு முன்னால், அம்புக்குறிப் பலகைகளைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் மேடு வரைக்கும் நடப்போம். பிள்ளைகள் முன்னால் போய் வழி காட்ட வேண்டும். எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துக்கொள்வோம். இரவில் ஆளாளுக்குப் படுக்கைக்குப் பக்கத்தில் ஷூவும் டார்ச்சும் இருக்கும். நிலம் ஆடினால் அலமாரியிலிருந்து தம்ளரும் தட்டும் விழுந்து உடையும், வெறுங்காலோடு கதவு வரைக்கும்கூடப் போக முடியாது. பெரியவர்களின் மாத்திரை, குளிருக்குச் சட்டை எல்லாம் ஒரே பையில், கதவோரக் கொக்கியில் மாட்டியிருக்கும். மேட்டில் ஏறிவிட்டால், திரும்பலாம் என்று அதிகாரிகள் சொல்லும்வரை இறங்கக் கூடாது. முதல் அலையைவிடப் பின்னால் வருவது பெரிதாக இருக்கலாம். எங்கள் தெருவில் முதல் அலை வடிந்ததும் சாமான் எடுக்கத் திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, "இங்கேயுமா?" என்றார். அதற்குப் பிறகு யாரும் வற்புறுத்தவில்லை, முட்டிவலியோடு அவரே எங்களுக்கு முன்னால் நடந்தார். வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அவர் நடையைப் பார்த்தபின்தான், அடுத்த முறை முகாமில் மேட்டுப் பாதைக்குப் பக்கத்து இடமாகப் பார்த்துப் பதிவு செய்தோம். கடல் தெரிகிற இடத்துக்குத்தான் எல்லாரும் போட்டி போடுகிறார்கள். முதியவர்களோடு வருகிறவர்கள் பதிவு செய்யும்போதே மேட்டுப் பாதை எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பது நல்லது.

ஓரிகன் மாநில நிலவியல் துறை ஊர் ஊராக வரைபடம் போட்டு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பக்கத்தில் கிளம்பும் அலை ஏறக்கூடிய இடம் மஞ்சள், தூரத்து அலை ஏறக்கூடிய இடம் ஆரஞ்சு, தப்பிக்கும் மேடு பச்சை. தமிழ் மட்டும் தெரிந்த தாத்தா பாட்டிக்குக்கூட விளங்கிவிடும். இனி கடற்கரை முகாம் பற்றிக் கட்டுரை போடும்போது இந்த விவரத்தையும் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் பெற்றோர் பலர் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓரிகனில் கடற்கரையில் தங்கப்போகிறோம் என்று பிள்ளைகள் சொன்னால், அந்த இடம் வரைபடத்தில் என்ன நிறம், மேட்டுக்கு எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்று போனிலேயே கேளுங்கள். அவ்வளவு தூரம் உங்களால் முடியாது என்றால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். பகலெல்லாம் கடற்கரையில் இருந்துவிட்டு, இரவு பச்சை நிறப் பகுதியில் இருக்கும் வேறு முகாமுக்கு வண்டியை ஓட்டிப் போய்விடலாம்.

இப்படிக்கு,
நாகை வாசகி,
பீவர்ட்டன், ஓரிகன்