ஒன்பது மாதப் பயணம் குறித்து நண்பனுக்கு

கோபிசெட்டிப்பாளையம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வைகாசியில் மஞ்சள் நடவுக்கு வந்து, தை, மாசியில் வெட்டி, வேகவைத்து, பாலீஷ் போட்டு ஈரோட்டுக்கு அனுப்பும் வரை உன் அம்மாவான அத்தையோடு இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று எழுதியிருந்தாய். இடுப்பெலும்பு அறுவைக்குப் பிறகு அத்தை இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்கிறார்கள். இரவில் மட்டும் ஆள் துணை வேண்டியிருக்கிறது. நீ வருகிற செய்தியைச் சொன்னதிலிருந்து ஒரு பிடி கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்று சமையலுக்கு வரும் அம்மா சொன்னார். ஆகவே நீ வரவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஆனால் அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்க உனக்குக் கிடைத்த கிரீன் கார்டுக்கு இது நான்காவது ஆண்டு. அதன் நடுவில் ஒரே மூச்சாக ஒன்பது மாதம் வெளியே இருப்பது உன் குடியுரிமை விண்ணப்பத்தை எப்படித் தொடும் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே நீ பயணச்சீட்டு எடுக்க வேண்டும். என் மகள் விண்ணப்பித்தபோது அவளோடு உட்கார்ந்து அந்த விதிகளை வரி வரியாகப் படித்தேன் என்பதால் இதை உறுதியாக எழுத முடிகிறது.

குடியுரிமை கேட்க, ஐந்தாண்டில் பாதி நாள் அமெரிக்காவில் இருந்தால் போதும் என்று நீ எழுதியிருக்கிறாய். அது சட்டத்தின் ஒரு பாதி மட்டுமே. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்தாண்டில் குறைந்தது 30 மாதம், அதாவது 913 நாள், அந்த நாட்டு மண்ணில் இருந்திருக்க வேண்டும். புறப்படும் நாளும் திரும்பும் நாளும் உள்ளே இருந்த நாளாகவே சேரும். இந்தக் கணக்கில் உனக்குக் குறை வராது. இதோடு சேராமல் தனியாக நிற்பது, அந்த ஐந்தாண்டும் உன் குடியிருப்பு அறுபடாமல் தொடர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால் தொடர்ச்சி அறுந்துவிட்டது என்றே அதிகாரி முதலில் கொள்வார். அப்படி அறுபடவில்லை என்று காட்டும் பொறுப்பு உன்னுடையதாகிறது. ஓராண்டையோ அதற்கு மேலோ தொட்டுவிட்டால் காட்டுவதற்கும் வழியில்லை, தொடர்ச்சி அறுந்தது அறுந்ததுதான். மொத்தக் கணக்கில் ஆயிரம் நாளுக்கு மேல் உள்ளே இருந்தவர்கூட ஒரே ஒரு நீண்ட பயணத்தால் தகுதி இழப்பது இதனால்தான்.

கனடாவில் இவ்வளவு சிக்கல் இல்லை. அங்கே ஐந்தாண்டில் 1095 நாள் இருந்தாயா என்றுதான் பார்க்கிறார்கள். நம் நாட்டுச் சட்டமும் கடுமையானதுதான். இங்கே இயல்புரிமை, அதாவது குடியிருந்ததன் பேரில் குடியுரிமை, கேட்டு விண்ணப்பிக்கும் வெளிநாட்டவர் கடைசிப் பன்னிரண்டு மாதம் தொடர்ந்தும், அதற்கு முந்தைய 14 ஆண்டில் மொத்தம் 11 ஆண்டும் இங்கே இருந்திருக்க வேண்டும். தனிச் சூழ்நிலைகளில் அந்தப் பன்னிரண்டு மாதத்தில் 30 நாள் வரை விலக்கு அளிக்கலாம் என்று 2015 திருத்தத்தில்தான் சேர்த்தார்கள்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனவனைச் சட்டம் தண்டிக்குமா என்று நீ கேட்டிருந்தது என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. நான் படித்துப் புரிந்துகொண்ட வரையில், நீ எதற்காகப் போனாய் என்பதைவிட, போன காலத்தில் உன் வீடும் வாழ்வும் எங்கே இருந்தன என்பதையே அந்த விதிகள் அதிகம் கேட்கின்றன. அங்கே வேலையை விட்டாயா, மனைவி மக்கள் அங்கேயே இருந்தார்களா, குடியிருந்த வீடு உன் கையில் இருந்ததா, வெளிநாட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாயா என்ற நான்கும்தான் முக்கியமாகப் பார்க்கப்படுகின்றன. தங்கச்சி டாலஸில் வேலைக்குப் போகிறாள், மருமகன் பள்ளிக்குப் போகிறான், வீட்டுக் கடன் தவணை மாதந்தோறும் கட்டப்படுகிறது, உன் நிறுவனம் விடுப்புத்தான் தருகிறது, வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆக உன் பக்கம் வலுவானது. ஒன்பது மாதம் இருந்தாலும் நீ வாதாடி வெல்லக் கூடும். ஆனால் வரி அறிக்கை, தவணை ரசீது, நிறுவனத்தின் கடிதம் என்று ஒவ்வொன்றாக அடுக்கி ஓர் அதிகாரியின் மனத்தை மாற்றவேண்டிய நிலைக்கு நீ ஏன் போகவேண்டும்? அவர் ஏற்காவிட்டால், இன்னும் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டிய நீ, அந்தப் பயணத்தின் ஆறு மாதத்துக்குக் குறைவான பகுதியே முந்தைய ஐந்தாண்டுக்குள் விழும்வரை, திரும்பிய நாளிலிருந்து ஏறத்தாழ நான்கரை ஆண்டு காத்திருக்க நேரும். அந்த ஆண்டு வருமான வரியை எக்காரணம் கொண்டும் அங்கே குடியிராதவன் என்ற கணக்கில் தாக்கல் செய்துவிடாதே. நீயே குடியிருப்பைக் கைவிட்டதாக ஒப்புக்கொண்டது போல அது ஆகிவிடும்.

ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்கிக்கொண்டால் இரண்டு ஆண்டு கவலையில்லை என்று உன் அலுவலகத்து நண்பர் சொன்னாராமே, அதை நம்பி இறங்காதே. அந்த அனுமதி கிரீன் கார்டைக் காப்பதற்கானது. நாட்டுக்குள் திரும்பி நுழைய உதவும். குடியுரிமைக்கான தொடர்ச்சியை அது காக்காது. பெருந்துறைப் பக்கத்து உறவுக்காரப் பையன் ஒருவன் இதை நம்பி ஓராண்டைத் தாண்டி இங்கே இருந்துவிட்டான். திரும்பும்போது விமான நிலையத்தில் ஒரு கேள்வியும் இல்லை. பின்னால் விண்ணப்பித்தபோதுதான் நிராகரிப்புக் கடிதம் வந்தது. இப்போது திரும்பிய தேதியிலிருந்து நான்கு ஆண்டும் ஒரு நாளும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறான். அதிலும் ஆறு மாதக் கேள்வி எழாமல் இருக்க வேண்டுமானால் நான்கரை ஆண்டு. ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தும் தொடர்ச்சியைக் காக்க என்-470 என்றொரு விண்ணப்பம் உண்டு. அது அந்நாட்டு அரசு, அங்கீகரிக்கப்பட்ட ஆராய்ச்சி நிறுவனம், வெளிநாட்டு வணிகத்தை வளர்க்கும் அமெரிக்க நிறுவனம், சமயப் பணி ஆகியவற்றின் பொருட்டு வெளியே அனுப்பப்படுபவர்களுக்கானது. தாயைப் பார்த்துக்கொள்ள வருகிறவனுக்கு அதில் இடமில்லை என்பது எனக்கு வருத்தமே.

ஆகவே என் யோசனை இது. வைகாசிக் கடைசியில் வா. நடவை நீயே முன்நின்று பார். தீபாவளியை அத்தையோடு கொண்டாடிவிட்டு, 180 நாள் நிறைவதற்குப் போதிய இடைவெளி வைத்துக் கிளம்பு. விமானம் ரத்தானாலும் உடம்புக்கு வந்தாலும் சமாளிக்க இரண்டு வாரமாவது கையில் இருக்கட்டும். கார்த்திகை, மார்கழி இரண்டும் அங்கே வேலைக்குப் போய், வீட்டில் இரு. பொங்கல் கழித்து மறுபடி வந்தால் வெட்டுக்குச் சரியாக இருக்கும். நடுவில் நான்கு நாள் மட்டும் போய் முகம் காட்டிவிட்டு வரலாம் என்று நினைக்காதே. ஒவ்வொன்றும் ஆறு மாதத்துக்குக் குறைவான பயணமாக இருந்தாலும், அடுத்தடுத்து வந்தால் மொத்தமாகச் சேர்த்து ஆராய அதிகாரிக்கு உரிமை உண்டு. விண்ணப்பம் கொடுத்த பிறகு உறுதிமொழி எடுக்கும் நாள் வரையிலும் இதே கவனம் வேண்டும்.

ஒருவேளை அத்தையின் உடம்பு மோசமாகி நீ கிளம்ப முடியாமல் போனால், கிளம்ப வேண்டாம். தாமதமாகிறதே தவிர, விண்ணப்பிக்கும் வாய்ப்பு அழிந்துவிடுவதில்லை. ஆனால் அந்த முடிவை விதி தெரிந்து எடுக்கவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். அப்படி ஓராண்டை நெருங்கும் சாத்தியம் கொஞ்சமேனும் இருந்தால், புறப்படும் முன்பே அங்கிருந்தபடி ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிடு. இங்கே வந்த பிறகு அதற்கு விண்ணப்பிக்க முடியாது. கார்டையாவது அது காக்கும்.

குடியுரிமை மாறினால் தோட்டம் கைவிட்டுப் போய்விடுமோ என்று அத்தை கேட்டார்கள். போகாது என்று சொன்னேன். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நாளில் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை நின்றுவிடும். அதன் பிறகு வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையை வைத்துக்கொண்டு விவசாய நிலத்தைப் புதிதாக விலைக்கு வாங்க முடியாது. ஆனால் வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம்.

பழைய பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பார்த்து, கிரீன் கார்டு வந்த நாள் முதல் நீ வெளியே போய்வந்த தேதிகளை எல்லாம் எழுதி அனுப்பு. ஒருநாளைக்கு மேற்பட்ட எந்தப் பயணத்தையும் விடாதே, குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பப் படிவத்தில் அவை அனைத்தையும் கேட்பார்கள். கணக்குப் போட்டு அனுப்புகிறேன், அங்குள்ள குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டுச் சீட்டு எடு. விதை மஞ்சளுக்கு நான் சொல்லிவைக்கிறேன்.

தங்கச்சிக்கும் மருமகனுக்கும் என் அன்பு.

உன் நண்பன்