டிராகனை வெளியே எடுத்துவிட்டேன்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. ஆனி, ஆடியில் பெய்தது போதாதென்று இங்கே ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. அம்மாவின் மூட்டுவலிக்கு நீ சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய தைலம் கேட்கிறது. அவளே உன்னிடம் சொல்லச் சொன்னாள். வீட்டில் எல்லோரும் சுகம்.

இந்த ஈரத்தில் என் கவலையெல்லாம் நம் மேஜிக் ஆட்டத்தின் கார்டுகளைப் பற்றித்தான். மினுங்கும் ஃபாயில் கார்டுகள் வறுத்த பப்படம் மாதிரி வளைந்துவிட்டன. மற்றவற்றை ஸ்லீவ் உறை போட்டு, செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு ஒரு தகர டப்பாவில் வைத்திருக்கிறேன். நீ அங்கே ஏசி அறையில் வைத்திருப்பாய், உனக்கு இந்தப் பாடு இருக்காது.

சரி, சொல்லத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன். நீ கொடுத்த ஷிவன் டிராகன் கார்டை என் டெக்கிலிருந்து, அதாவது நான் ஆடும் கட்டிலிருந்து, எடுத்துவிட்டேன்.

வருத்தப்படாதே. கரன்ட் போன அந்த ராத்திரி, மொட்டைமாடியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்த டிராகனை இறக்கி, அடுத்த டர்னில், மானா என்கிற சக்தி தரும் ஆறு மலைக் கார்டையும் தட்டி, 5 பலத்தை 11 ஆக்கி உன்னை அடித்தேனே, அதை நான் மறக்கவில்லை. மேஜிக் ஆட்டம் எனக்குப் பிடித்துப்போனதே அன்றைக்குத்தான். ஆனால் போன மாதம் ஒரு நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதற்கப்புறம் டிராகனை வைத்திருக்க மனசு வரவில்லை.

கணக்கு இதுதான். எதிராளியின் உயிர் 20. லைட்னிங் போல்ட் ஒரு மானாவுக்கு 3 அடி. 1993-இல் வந்த முதல் செட்டிலேயே இருந்த கார்டு அது. இன்றைக்கும் தீ டெக்கில் எந்தக் கார்டையும் அதை வைத்துத்தான் அளக்கிறோம். அப்படி ஏழு கார்டு விழுந்தால் 21, ஆட்டம் முடிந்தது. நாம் முதலில் ஆடினால் முதல் டர்னில் கார்டு எடுக்க முடியாது. ஆக நாலாவது டர்னில் நாம் பார்த்திருப்பது முதலில் கையில் வரும் 7-ம், அப்புறம் டர்னுக்கு ஒன்றாக எடுத்த 3-ம் சேர்த்துப் பத்துக் கார்டு. அதில் மூன்று மலை, போல்ட் மாதிரி ஏழு தீக் கார்டு என்று வந்தால், நாலாவது டர்னுக்குள் ஏழையும் வீசிவிட மானா போதும்.

பத்துக்கு மூன்று சொச்சம் மலை வரவேண்டும் என்றால் 60 கார்டில் 20 மலை. நாம் அன்றைக்கு 24 வைத்திருந்தோம். அப்போது பத்தில் நாலு மலை வரும், மீதி ஆறு கார்டுக்கு 18 அடி. எத்தனை ஆட்டத்தில் எதிராளி 2 உயிரோடு தப்பித்து நம்மைத் திருப்பி அடித்தான் என்று யோசித்துப் பார். கை சரியில்லை, கார்டு வரவில்லை என்றெல்லாம் புலம்பினோம். பிசகு மலையின் எண்ணிக்கையில் இருந்திருக்கிறது மக்கா.

20 மலையிலும் ஒரு ஆபத்து உண்டு. முதல் ஏழு கார்டில் ஒரே ஒரு மலையோ, மலையே இல்லாமலோ வருவது நாலு ஆட்டத்துக்கு ஒன்று. 24 வைத்தால் அது ஏழு ஆட்டத்துக்கு ஒன்றுதான். ஆனாலும் இப்போதைய விதியில் கை சரியில்லையென்றால் மறுபடி ஏழு எடுத்து ஒன்றை அடியில் வைத்தால் போதும் என்பதால் நான் துணிந்துவிட்டேன். இனி டிராகனைப் பார். அதற்கு ஆறு மலை வேண்டும். மூன்றில் ஒன்று மலை என்றால் சராசரியாகப் பதினெட்டுக் கார்டு பார்த்தாக வேண்டும். அது பன்னிரண்டாவது டர்ன். அதுவரை அந்தக் கார்டு கையில் சும்மா கிடக்கும்.

அந்த இடத்தில் ஃபயர்பிளாஸ்ட் வைத்திருக்கிறேன். அதன் மூலையிலும் டிராகனைப் போல ஆறு மானாதான் போட்டிருக்கும். ஆனால் மானாவுக்குப் பதில் இரண்டு மலையைப் பலி கொடுத்தாலும் 4 அடி அடிக்கலாம். மானா எடுத்து முடித்த மலைகளையே கொடுக்கலாம் என்பதுதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. கடைசி அடிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

போல்ட் நாலுக்கு மேல் வைக்க முடியாது என்பதால் அதே 3 அடிக்கு லாவா ஸ்பைக் நாலு, ரிஃப்ட் போல்ட் நாலு. கோப்ளின் கைடு என்ற உயிரினக் கார்டு அப்படியே இருக்கிறது. அது முதல் டர்னில் வந்தால் பொன், எட்டாவது டர்னில் வந்தால் ஒன்றுக்கும் உதவாது. என்றாலும் எடுக்கமாட்டேன்.

இதெல்லாம் நோட்டுக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டத்திலிருந்து வருகிற என் மருமகன், தங்கச்சி மகன்தான், அதைக் கலைத்துவிடுகிறான். அவன் வெள்ளை டெக்கில் சோல் வார்டன் என்றொரு கார்டு உண்டு. வேறு கிரீச்சர், அதாவது உயிரினக் கார்டு, எது இறங்கினாலும் அவனுக்கு ஒரு உயிர் கூடும். முதலில் நான் அதைக் கண்டுகொள்ளாமல் அவனையே அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு போல்ட்டின் 3 அடியை அந்தச் சின்னக் கார்டு மூன்று கிரீச்சரில் சரிக்கட்டிவிடும். அதன்மேல் போல்ட் வீசினால் என் ஏழில் ஒன்று குறையும். நாலைந்து ஞாயிறு இப்படியே தோற்றேன்.

அப்புறம்தான் உன் பழைய கார்டுக் கட்டிலிருந்து சியரிங் பிளேஸ் கிடைத்தது. அந்த டர்னில் மலை இறக்கியிருந்தால் கிரீச்சருக்கும் 3, ஆளுக்கும் 3. இப்போதெல்லாம் கையில் மலை இருந்தாலும் அவசரப்பட்டு இறக்குவதில்லை. அவன் வார்டனை வைக்கட்டும் என்று காத்திருக்கிறேன். போன ஞாயிறு மூன்று ஆட்டத்தில் இரண்டு எனக்கு. பையன் முகம் வாடிப்போய்விட்டது. சாயங்காலம் மரச்சீனியும் மீன்கறியும் வைத்துக் கொடுத்து அனுப்பினேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அங்கே ஸ்கல்கிராக் கார்டு கிடைத்தால் நாலு வாங்கி வா. இரண்டு மானா, ஆளுக்கு 3 அடி, அந்த டர்னில் யாருக்கும் உயிர் கூடாது. அவன் அடுத்து என்ன கொண்டு வருவான் என்று எனக்குத் தெரியும். ஃபாயில் மட்டும் வேண்டாம், இந்த ஊர்க் காற்றுக்கு ஆகாது.

கிறிஸ்மஸுக்கு வருகிறாய்தானே? வடசேரியில் ஏத்தங்காய் சிப்ஸ் வாங்கி வைக்கிறேன். உன் பழைய டெக்கையும் எடுத்து வா, அதில் எத்தனை மலை என்று முதலில் எண்ணிப் பார்ப்போம். டிராகன் டப்பாவில் மேலேயே தனி ஸ்லீவில் இருக்கிறது.

உன்
பழைய கூட்டாளி