டங்கனின் கொலையைக் காட்ட வேண்டுமா?

அன்பு மகளுக்கு,

ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ நாடகத்தை வைத்து நீ எழுதி அனுப்பிய திரைக்கதையை முழுவதும் படித்துவிட்டேன். வசனத்தில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டதற்காக நான் மனம் வருந்துவேன் என்று எழுதியிருந்தாய். எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஷேக்ஸ்பியர் காலத்தில் கூரையில்லாத அரங்கில் பகல் வெளிச்சத்தில் நாடகம் நடந்தபடியால், இருட்டைக்கூடப் பேச்சால்தான் வரவழைக்க வேண்டியிருந்தது. இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில், இரவு எவ்வளவு கழிந்தது என்று மெக்பெத்தின் நண்பன் பாங்கோ கேட்பதும், நிலா மறைந்துவிட்டது என்று அவன் மகன் சொல்வதும் அதற்காகத்தான். கேமரா வைத்திருக்கும் உனக்கு அந்த வரிகள் வேண்டியதில்லை.

என் கவலை வேறு. இன்றைய பார்வையாளர்களுக்குப் பொறுமை இல்லை என்று எண்ணி, உறங்கும் மன்னன் டங்கனை அவனுடைய தளபதி மெக்பெத் குத்திக் கொல்வதை நீ ஒரு தனிக் காட்சியாகவே எழுதியிருக்கிறாய். ஷேக்ஸ்பியர் அதை மேடையில் வைக்கவில்லை. 1971இல் வந்த தம் ‘மெக்பெத்’ படத்தில் இயக்குநர் போலன்ஸ்கி அதைக் காட்டினார். திறமையாக எடுத்த காட்சிதான் என்றாலும், கத்தி இறங்கியதும் நம் மனம் செத்தவன் பக்கம் போய்விடுகிறது. இந்த நாடகமோ கொன்றவனுக்குள் நடப்பது.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவா மெக்பெத் கதையை எடுத்த ‘த்ரோன் ஆஃப் பிளட்’ படத்தை மறுபடியும் பார். 1957இல் அவர் கதையை ஜப்பானின் உள்நாட்டுப் போர்க்காலத்துக்குக் கொண்டுபோய், மூலத்தின் கவிதை வரிகளை ஏறக்குறைய அடியோடு விட்டுவிட்டார். ஆனாலும் கொலையைக் காட்டவில்லை. காவலர்களுக்குக் கொடுக்க மருந்து கலந்த மதுவை எடுத்துவர, மெக்பெத்தின் இடத்தில் வரும் தளபதியின் மனைவி அசாஜி இருட்டுக்குள் சென்று மறையும்போது, அவளுடைய பட்டாடை தரையில் உரசும் ஓசை மட்டுமே கேட்கிறது. பிறகு, இரத்தம் தோய்ந்த ஈட்டியுடன் திரும்பி வந்து கணவன் வாய் பேசாமல் அமர்ந்திருக்க, விறைத்துப்போன அவன் கைகளிலிருந்து அதை அவள்தான் பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கிறது. இனி உறக்கமில்லை என்று மெக்பெத் புலம்புவதையெல்லாம் அந்தக் கைகளே சொல்லிவிடுகின்றன. புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அசாஜி கருவுற்றிருப்பதாகச் சொல்வது குரோசாவா சேர்த்ததுதான், அதனால் நண்பனுக்கு எதிராக அவன் திரும்புவதற்கு அழுத்தமான காரணம் கிடைத்தது.

பெயர்களை மாற்றத் தயங்காதே. நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் தமிழில் மெக்பெத்தை ‘மகபதி’யாகவும் ஹாம்லெட்டை ‘அமலாதித்ய’னாகவும் ஆக்கித் தந்திருக்கிறார்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கொலைக்குப் பின் கோட்டைக் கதவு தட்டப்படுவதை நீ ஒரே தடவையாகக் குறைத்துவிட்டாய். மூலத்தில் கணவனும் மனைவியும் பேசும்போது அது மீண்டும் மீண்டும் குறுக்கிடுகிறது; போதை தெளியாத வாயிற்காவலன் வந்து திறக்கும் வரை ஓய்வதில்லை. யார் தட்டுகிறார்கள் என்று தெரியாமல் அவர்கள் திகைத்து நிற்கும் அந்த நேரத்தை நீட்டி எழுது. அடுத்த பிரதி வந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன்.

அன்புடன்,
அம்மா