அது நீலம் இல்ல சார், பச்சை

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல அமெரிக்க ரயில்ரோடு விளக்குகள் பத்தி கட்டுரை போட்டிருந்தீங்க, ரெண்டு தடவை படிச்சேன். ஆனா படத்துக்குக் கீழ 'அபூர்வ நீல சிக்னல் விளக்கு'ன்னு போட்டது தப்பு. அது பச்சை. கையில எடுத்துப் பாத்தா நீலமாத்தான் தெரியும், ஏன்னா உள்ள எரிஞ்சது மண்ணெண்ணெய், அந்த சுடர்ல மஞ்சளும் சிவப்பும் தூக்கலா இருக்கும், அதைக் கழிச்சுட்டு தூரத்துல பச்சையா தெரியணும்னுதான் கண்ணாடியையே நீலம் கலந்த மாதிரி வார்த்தாங்க. பின்னாடி பழைய குண்டு பல்பு புடிச்சுப் பாருங்க, பச்சையாயிடும். செல்போன் டார்ச் அடிச்சீங்கன்னா மறுபடி நீலம்னு ஏமாத்தும்!

நிஜ நீலம் கோபால்ட் கண்ணாடி, நல்ல கருநீலம். அங்க அதுக்கு அர்த்தமே வேற, வண்டிக்கு அடியில ஆள் வேலை பாக்குறான், நகத்தாதேன்னு. இது கம்மியாத்தான் கிடைக்கும், விலையும் ஜாஸ்தி, அதனாலதான் பச்சைய நீலம்னு தள்ளிவிடறாங்க. நானும் ஒரு தடவை நல்லா ஏமாந்தவன்தான், அந்த வயித்தெரிச்சல்லதான் எழுதறேன்.

இன்னொண்ணு, பச்சைன்னா எப்பவுமே 'போகலாம்'னு எழுதியிருக்கீங்க. முன்னாடி வெள்ளைதான் 'போகலாம்', பச்சைன்னா ஜாக்கிரதை. சிவப்பு கண்ணாடி உடைஞ்சு விழுந்துட்டா வெறும் சுடர் வெள்ளையா தெரியும், டிரைவர் லைன் கிளியர்னு நினைச்சு வந்துடுவார், அந்த பயத்துலதான் 'போகலாம்'ங்கறதைப் பச்சைக்கு மாத்தினாங்க. ஜாக்கிரதைக்கு மஞ்சள் வந்ததே 1900 வாக்குலதான், மஞ்சள் லென்ஸ் சிக்னல் விளக்கைக் காட்டி 1870-ன்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க.

கை விளக்கு வாங்கறவங்க (நம்ம அரிக்கேன் மாதிரிதான், கம்பிக்கூண்டு போட்டது) மூடி விளிம்பைத் தடவிப் பாக்கணும். பென்சில்வேனியா ரயில்ரோடுன்னா பி ஆர் ஆர்னு தகட்டுலயே அடிச்சிருக்கும், கண்ணாடியில வேற கம்பெனி எழுத்து இருந்தா எங்கயோ மாத்திப் போட்டிருக்காங்க. பளபளன்னு பித்தளை பட்டயம் தனியா ஒட்டியிருந்தா எனக்கு உடனே சந்தேகம் வந்துடும். அட்லேக், டீட்ஸ்னு விளக்கு செஞ்ச கம்பெனி பேரோட பேட்டன்ட் வருஷமும் இருக்கும், அது விளக்கு செஞ்ச வருஷம் இல்ல, அதே முத்திரைய பல வருஷம் அடிச்சுட்டே இருந்திருக்காங்க.

அடுத்த வாரம் அந்த நீலத்துக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் போட்டுடுங்க சார், படத்தை வெட்டி வச்சுக்கிட்டு யாராவது வாங்கக் கிளம்பிடப் போறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகன்