எதிர்ப்பு சக்தியைக் கூட்டி என்ன செய்ய?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், 'பருமனானவர்கள் எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக்கொண்டால் சர்க்கரை நோய் அண்டாது' என்று போட்டிருந்தீர்கள். தாங்கள் அறியாததா? எங்கள் தொல்லையே அந்தச் சக்தி வேண்டாத இடத்தில் கூடிக்கிடப்பதுதான்.

பருத்த எலிகளின் கொழுப்பில் டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருள் மிகுந்திருப்பதும், அது இன்சுலினின் வேலையைக் கெடுப்பதும் 1993-லேயே தெரிந்த சங்கதி. அதைப் பெரும்பாலும் சுரப்பது கொழுப்புச் செல்கள் அல்ல, அங்கே வந்து குவியும் மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்பணுக்கள் என்று 2003-ல் கண்டார்கள். அளவுக்கு மீறி உப்பிச் செத்த கொழுப்புச் செல்லைச் சுற்றி இவை கிரீடம் போல வளைத்து நிற்குமாம். துப்புரவுக்கு வந்தவர்கள் அங்கேயே கூடாரம் போட்டுவிடுகிறார்கள். இந்தக் கூட்டத்துக்கு இன்னும் ஆள் சேர்க்கச் சொல்கிறார் தங்கள் கட்டுரையாளர்.

எனக்கு இருபது வருடமாக எடை அதிகம். காது வலி என்று போனாலும், "முதல்ல வெயிட்டைக் குறைங்க" என்பார் மருத்துவர், காதைப் பார்க்காமலே. என் அண்ணனோ பெல்ட்டில் கூடுதல் துளை போட்டுக்கொள்கிற ஒல்லி. அவருக்கு நாற்பது வயதிலேயே சர்க்கரை. எனக்கு இன்னும் வரவில்லை (கண் வைத்துவிடாதீர்கள்). வராது என்று சொல்லவில்லை. பருமன் ஆபத்தைக் கூட்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் தோலுக்கடியில் சேரும் கொழுப்பும் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் ஒன்றல்ல என்பதைத் தராசு சொல்லாதே.

எடை குறைந்த பிறகும் பழைய பருமனின் தடம் கொழுப்புச் செல்களில் தங்கிவிடுகிறது என்று 2024-ல் ஆய்வு வந்தது. இளைத்தவர்கள் மறுபடி ஏன் பருக்கிறார்கள் என்பதற்கு அதில் ஒரு துப்பாவது இருக்கிறது. அதற்குத் தங்கள் இதழில் ஒரு வரி இல்லை. 'மன உறுதி' பற்றி மட்டும் ஆறு பத்தி.

அப்புறம் அந்தப் படம்! பருமன் பற்றி எந்தக் கட்டுரை வந்தாலும், கழுத்தோடு வெட்டிய ஒரு தொப்பை. எங்களுக்கும் தலை உண்டு ஐயா. அதை வைத்துக்கொண்டுதான் தங்கள் இதழைப் படிக்கிறோம். போன வருடமே இதைப் பற்றி எழுதினேன். கடிதம் கிடைக்கவில்லை என்றே நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த இதழில் 'திருத்தம்' என்று நான்கு வரி போட்டால் போதும். இக்கடிதத்தை வெளியிடும்போது இடம் போதவில்லை என்றால், அண்ணன் கதையை வெட்டுங்கள். மேக்ரோஃபேஜ் பத்தியில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பன்னிரண்டு வருடச் சந்தாதாரர்