வாட்போர் நிலைகளும் ஃபென்சிங் எண்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஐரோப்பிய வாட்போரின் தற்காப்பு நிலைகளைப் பற்றி வெளியான கட்டுரையை, கோத்தகிரியில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் ஆர்வத்தோடு படித்தேன். தமிழில் அதிகம் எழுதப்படாத பொருள் இது, பாராட்டுகள். ஆனால் இன்றைய விளையாட்டு வாள்வீச்சான ஃபென்சிங்கில் எண்ணால் அழைக்கப்படும் எட்டுத் தடுப்புகளையும் இடைக்கால ஜெர்மானிய நெடுவாளின் நான்கு நிலைகளையும் ஒரே பட்டியலில் அடைத்து, எல்லாமே அடியைத் தடுக்க நிற்கும் நிலைகள் என்று எழுதியிருப்பது பொருந்தவில்லை.

நிலைகளை எண்ணிட்டு அழைப்பது வேறு, பெயரிட்டு அழைப்பது வேறு வழக்கம். இத்தாலியரான கமில்லோ அக்ரிப்பா 1553-இல் வெளியிட்ட நூலில் முதன்மையான நான்கு நிலைகளுக்கு எண்களே பெயர். உறையிலிருந்து வாளை உருவியதும் கை எங்கே நிற்குமோ அதுவே முதல் நிலை. (வாள்வித்தை நூல் எழுதிய அவர் தொழிலால் கட்டடக் கலைஞர்.) அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்திய இத்தாலிய வாள் ஆசான் ஃபியோரேயோ தம் நிலைகளை ‘இரும்புக் கதவு’, ‘காட்டுப்பன்றிப் பல்’ என்றெல்லாம் அழைத்தார்.

ஜெர்மனியில் இடைக்கால வாள் ஆசான் லீஷ்டனாவரின் வழியினர் சொன்ன நான்கு நெடுவாள் நிலைகளில், வாளைத் தலையருகே கொம்புபோல் நீட்டுவது எருது. பிடியை இடுப்பருகே வைத்து முனையை எதிராளியின் முகத்துக்கு ஏற்றுவது ஏர். தோளுக்கோ தலைக்கோ மேலே உயர்த்துவது ‘ஃபோம் டாக்’. நான்காவதான மூடன் நிலையைத்தான் கட்டுரை ‘பலவீனமானது’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. கைகள் தாழ்ந்து முனை தரையைப் பார்க்க, தலையும் தோளும் திறந்து கிடப்பது உண்மைதான். அந்தத் திறப்பை நம்பி எதிராளி வெட்ட இறங்கும்போதுதான் முனை கீழிருந்து எழுகிறது. இதற்கும் மாற்று உண்டு: தோள் உயரத்தில் நீட்டிய கைக்கே எட்டும் தூரம் அதிகம் என்பதால், உச்சியை நோக்கி இறங்கும் வெட்டு, தாழ்ந்து நிற்கும் வாளை முந்திவிடும். இப்படி ஒவ்வொரு நிலைக்கும் அதை உடைக்கும் வெட்டு ஒன்றை அந்த மரபு வகுத்திருக்கிறது. வெட்டுக்கு வெட்டாலேயே பதில் சொல்லச் சொல்லும் மரபில், அடுத்த வெட்டோ குத்தோ கிளம்பும் இடம்தான் நிலை. சும்மா நின்று தாங்குவதற்கு அங்கே மதிப்பில்லை.

கட்டுரையைப் படித்த என் மாணவர் இருவர், கம்பை இடுப்பருகே பிடித்து ஏர் நிலையில் நின்றுகொண்டு, இதுதான் ஃபென்சிங்கின் ‘நான்காம் எண்’ தடுப்பு என்று அடித்துச் சொன்னார்கள். சென்னையின் பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்கில் சேபர் என்னும் வாள் பிரிவில் களமிறங்கியதைப் பார்த்து ஃபென்சிங் கற்க ஆசைப்படும் பிள்ளைகள் இம்மலையிலும் இருக்கிறார்கள். நாளை பயிற்சியாளர் எண்ணைச் சொன்னதும் அவர்கள் இப்படி நின்றால் என்ன ஆகும்?

ஆகவே, அடுத்த பகுதி வெளியிடுவதாக இருந்தால், ஒவ்வொரு நிலையின் பெயரோடும் அதைச் சொன்ன ஆசானையும் காலத்தையும் வாளின் வகையையும் குறிப்பிட வேண்டுகிறேன். மூடன் நிலைக்குப் படம் போடுவதென்றால், முனை தாழ்ந்திருக்கும் படத்துக்குப் பக்கத்திலேயே அது எழும் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.