‘வெளியே போவணும்’ என்று அம்மா சொன்னபோது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்க் குடும்பங்களில், தமிழைத் தவிர வேறு மொழியில் தம் உடம்பைப் பற்றிச் சொல்லத் தெரியாத முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் நோயுற்று மருத்துவமனையில் படுக்கும்போது நேரும் ஒரு துன்பத்தைப் பற்றி, என் தாயார் சென்ற புரட்டாசி மாதத்தில் இங்குள்ள அரசு மருத்துவமனை ஒன்றில் ஒன்பது நாட்கள் இருந்த அனுபவத்தைக் கொண்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரை எழுதாமல் விடுகிறேன். அங்கே நடந்தது வேறு மருத்துவமனைகளிலும் நடக்கிறது என்பதை, பார்வை நேரத்துக்காக வாசலில் காத்திருந்த மற்றக் குடும்பத்தாருடன் பேசித் தெரிந்துகொண்டேன்.

அம்மாவுக்கு வயது 84. அவருடைய பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து வந்து, சென்னையில் கப்பலேறி, நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். 1860 நவம்பர் 16-ஆம் நாள் ட்ரூரோ என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரை இவ்வாறு வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்த அம்மா பள்ளிக்குப் போகவில்லை. கடைத்தெருவில் ஆங்கிலமும், அக்கம்பக்கத்தில் ஜூலுவும் காதால் கேட்டுக் கற்றவர். மூன்றாண்டுகளுக்கு முன் மறதி நோய் தொடங்கியபோது, பின்னால் வந்து சேர்ந்த மொழிகள் முதலில் போயின. ஆங்கிலம் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. ஜூலுவில் யாராவது ‘சாவுபோனா’ என்றால் பதில் வணக்கம் சொல்லுவார், அவ்வளவுதான். பிறந்த நாளிலிருந்து கேட்ட தமிழ் மட்டும் அப்படியே நிற்கிறது.

அம்மாவுக்கு வந்தது சிறுநீர்த் தொற்று. இளையவர்களுக்கு இந்நோய் எரிச்சலோடும் காய்ச்சலோடும் வரும். முதியவர்களுக்கோ பல வேளைகளில் பேச்சுத் தடுமாற்றமும் மனக்குழப்பமுமாகவே முதலில் தலைகாட்டும். அவசரப் பிரிவில் நோயின் கடுமையைப் பார்த்து நிறம் குறிக்கும் முறை இந்நாட்டில் உண்டு. அம்மாவுக்கு மஞ்சள் குறித்தார்கள். மஞ்சள் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். நாங்கள் காத்திருந்தது ஏழு மணி நேரம். அன்றிரவு வந்துகொண்டிருந்த விபத்துகளையும், இருந்த மருத்துவர்களின் எண்ணிக்கையையும் கண்ணால் பார்த்தவள் என்பதால் அந்தக் காத்திருப்பைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. நான் எழுத வந்தது வார்டில் நடந்ததைப் பற்றி.

பார்வை நேரம் பிற்பகலில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி. மருத்துவர்கள் நோயாளிகளைச் சுற்றிப் பார்ப்பது காலையில். அந்த நேரத்தில் குடும்பத்தாரை வாசற்காவலர் உள்ளே விடமாட்டார். ஆகவே முதல் மூன்று நாட்களும் அம்மாவிடம் கேள்வி கேட்டவர்களுக்குத் தமிழ் தெரியாது. கேட்கப்பட்டவருக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டாம் நாள் மாலை என் அண்ணன் மகன் மட்டும் போயிருந்தான். இருபது வயதுப் பையன். இங்கே பிறந்த பிள்ளைகளைப் போலவே கோயிலில் தேவாரம் பாடுவான், தமிழில் பேச வராது, பாட்டி சொல்வதில் பாதி புரியும். அம்மா அவனிடம் மறுபடியும் மறுபடியும், “வெளியே போவணும், வெளியே போவணும்” என்று சொல்லியிருக்கிறார். செவிலியர் என்னவென்று கேட்க, அவனும் தனக்குத் தெரிந்தபடி, பாட்டி வெளியே போக வேண்டும் என்கிறார் என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறான். அச்சொற்களுக்கு அகராதியில் உள்ள பொருள் அதுதான். தமிழ் வீட்டில் வளர்ந்த எந்த மூத்தவருக்கும் அதன் உண்மைப் பொருள் தெரியும். மலம் கழிக்கப் போக வேண்டும் என்பதை நாலு பேர் முன்னிலையில் கூச்சமில்லாமல் சொல்வதற்கு நம் முன்னோர் வைத்த மரியாதையான சொல் அது.

செவிலியர் அதை வேறு விதமாக எழுதிக்கொண்டார். நோயாளி வார்டை விட்டுப் போக முயல்கிறார் என்று கோப்பில் பதிவாயிற்று. பாதுகாப்புக்கென்று கட்டிலின் இருபுறத் தடுப்புக் கம்பிகளும் உயர்த்தப்பட்டன. இரவு இரண்டு மணியளவில், அடக்கமுடியாமல், அந்தக் கம்பியைத் தாண்டிக் காலை எடுத்து வைத்த அம்மா தரையில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். தரையில் கிடந்தபோதும் அவர் சொன்னது அதையேதான் என்று பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மையார் ஒருவர், பொருள் தெரியாமல் ஒலியை மட்டும் நினைவில் வைத்து, மறுநாள் எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். அந்த ஒலியை ஓர் அந்நியர் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு ஏற்பட்டதை இங்கே எழுத இயலவில்லை.

அண்ணன் மகனை நான் ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. தமிழ் தெரிந்தவன் என்று சொல்லி அவனை அனுப்பியவள் நான். மேலும், அவனுக்கு மொழி நன்றாகத் தெரிந்திருந்தாலும், சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது, அடிவயிறு கடுக்கிறது என்பதையெல்லாம் பேரன் முன் அம்மா வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார். வார்டைப் பெருக்கும் பெண்மணியையும், பக்கத்துக் கட்டிலுக்கு வந்த விருந்தாளியையும், பள்ளிச் சிறுவனையும் மொழிபெயர்க்கச் சொல்லும் வழக்கம் நம் மருத்துவமனைகளில் ஊறிப்போயிருக்கிறது. ஜூலு பேசும் நோயாளிகளுக்கும் ஆங்கிலம் மட்டும் தெரிந்த மருத்துவர்களுக்கும் இடையே செவிலியர்கள் நாள்தோறும் இப்படித்தான் நின்று பேசுகிறார்கள். அதற்கென்று அவர்களுக்குத் தனி நேரமோ பயிற்சியோ இல்லை. பெரும்பான்மையோரின் மொழிக்கே இந்நிலை என்பதை அறிந்துதான், தமிழுக்கெனத் தனிச் சலுகை எதையும் நான் கேட்க முன்வரவில்லை.

மணிக்கட்டு முறிந்த பிறகு, மேட்ரன் அவர்களின் அனுமதியோடு கோப்பில் எழுதியிருந்ததை மருத்துவர் எனக்குப் படித்துக் காட்டினார். நோயாளிக்கு நாள், மாதம் தெரியவில்லை என்று ஒரு குறிப்பு. நான் அம்மாவின் அருகில் குனிந்து, “அம்மா, இது என்ன மாசம்?” என்று கேட்டேன். “புரட்டாசி. உனக்குத் தெரியாதா?” என்றார். கிழமையையும் சரியாகச் சொன்னார். ஆண்டைக் கேட்டபோது தடுமாறினார். தாம் இருக்கும் இடம் மருத்துவமனை என்று தெரிந்தது, எந்த ஊர் என்று தெரியவில்லை. ஆக, குழப்பம் இருந்தது உண்மை. ஆனால் எவ்வளவு குழப்பம் என்பதை அளக்க வந்த கேள்விகள், அவருக்கு எட்டாத மொழியில் கேட்கப்பட்டன. மருந்து கொடுத்தபின் மனம் தெளிகிறதா, இன்னும் மோசமாகிறதா என்பதை வைத்துத்தான் மருத்துவர் அடுத்த முடிவை எடுக்கிறார். நோய் எங்கே முடிகிறது, மொழி தெரியாமை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்காத குறிப்பை நம்பி எப்படி முடிவெடுப்பது? இதை நான் கேட்டபோது அந்த இளம் மருத்துவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கேள்விகளை மறுபடி கேட்போம், நீங்கள் சொல்லுங்கள் என்றார். அதற்காக அவருக்கு நான் என்றும் நன்றியுடையவள்.

உணவை மறுக்கிறார் என்று இன்னொரு குறிப்பும் இருந்தது. புரட்டாசி முழுவதும் மரக்கறி உணவன்றி வேறெதையும் தொடாத பெண்மணி, கோழிக்கறி வைத்த தட்டைத் தள்ளிவிடாமல் என்ன செய்வார்? இந்நகரத்துத் தமிழ் வீடுகளில் அந்த மாதத்தில் கறிச்சட்டியைக்கூட எடுத்து உள்ளே வைத்துவிடுவது எல்லோரும் அறிந்ததே. சொன்ன அன்றே பருப்பும் காய்கறியும் வந்தன, அம்மா சாப்பிட்டார்.

இரவுப் பணியில் இருந்த ஜூலு செவிலியர் ஒருவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இக்கடிதம் நேர்மையாக இராது. அவர் அம்மாவைக் ‘கோகோ’ என்று, தம் சொந்தப் பாட்டியை அழைப்பதுபோல அழைப்பார். நான்காம் நாள் மாலை பார்வை நேரம் முடிந்து நான் கிளம்பும்போது என்னை நிறுத்தி, உங்கள் அம்மா அடிக்கடி சொல்லும் சொற்களை எழுதிக் கொடுங்கள் என்றார். ஒரு தாளில் பன்னிரண்டு சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் பொருளை எழுதிக் கொடுத்தேன். வலி, எரியுது, தண்ணி, பசிக்குது, குளிருது, தலை சுத்துது, மூச்சு முட்டுது, ஒண்ணுக்கு, வெளியே போவணும் என்பன அவற்றுள் சில. நெஞ்சைப் பற்றி மட்டும் இரண்டு வரிகள் எழுதினேன். ‘நெஞ்சு கரிக்குது’ என்றால் பெரும்பாலும் செரிமானக் கோளாறு. ‘நெஞ்சு அடைக்குது’ என்றால் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கை வைத்துக் காட்டும் இடம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால், சொல் தெரியாதவருக்கு வேறுபாடு தெரிய வழியில்லை. அவர் அந்தத் தாளைக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினார். மறுநாள் நான் போனபோது அவர் அம்மாவிடம் “வெளியே?” என்று கேட்க, அம்மா தலையசைக்க, பெட்பேன் வந்தது. மீதியிருந்த ஐந்து நாட்களும் கம்பியைத் தாண்ட அம்மா ஒருமுறையும் முயலவில்லை.

இந்நாட்டுச் சட்டம் நம்மைக் கைவிட்டுவிடவில்லை. 2003-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, நோயாளியின் உடல்நிலையையும் சிகிச்சையையும் பற்றிய செய்திகளை, இயன்றவரை அவருக்குப் புரியும் மொழியில், அவருடைய எழுத்தறிவையும் கருத்தில் கொண்டு தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு, நடத்தப்பட்ட விதம் பற்றி முறையிடவும் அம்முறையீடு விசாரிக்கப்படவும் உரிமை தருகிறது. 1996-ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம், நாட்டின் மொழி வாரியம் மதிப்பை உறுதிசெய்ய வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நான் எழுத்து மூலம் முறையிட்டேன், விசாரணை நடக்கிறது, அதைப் பற்றி இங்கே மேலும் எழுதுவது முறையாகாது. ‘இயன்றவரை’ என்னும் சொல்லைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஒவ்வொரு வார்டிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைப்பது இயலாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். சேர்க்கைப் படிவத்தில் நோயாளியின் மொழியை எழுதுவதும், அதைக் கட்டிலின் தலைமாட்டில் குறிப்பதும், காலையில் மருத்துவர் வரும் பத்து நிமிடத்துக்கு மொழி தெரிந்த உறவினர் ஒருவரை உள்ளே விடுவதும், அதுவும் முடியாதபோது தொலைபேசியிலாவது கூப்பிட்டுக் கேட்பதும் நிச்சயமாக இயலும். கைக்குழந்தையோடு தாய் தங்க அனுமதி தருகிறோம். தன் வாயால் சொல்லியும் புரியவைக்க முடியாத 84 வயதுப் பெண்மணியின் நிலை அதிலிருந்து எவ்வளவு வேறு?

நம் பக்கத்திலும் செய்ய வேண்டியது உண்டு. மாரியம்மன் கோயில் திருவிழாக்களுக்கும் காவடிக்கும் நூற்றுக்கணக்கான தொண்டர்களைத் திரட்டும் ஆற்றல் நம் கோயில் நிர்வாகங்களுக்கு இருக்கிறது. தமிழை வீட்டு மொழியாகப் பேசி வளர்ந்த ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள், குறிப்பாகப் பெண்கள், ஒவ்வோர் ஊரிலும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பணி ஓய்வு பெற்றவர்கள். அவர்களுடைய தொலைபேசி எண்களை அவரவர் சம்மதத்தோடு ஒரு பட்டியலாக்கி, அருகிலுள்ள மருத்துவமனையின் மேட்ரனிடம் கொடுத்து வைக்க ஒரு வாரம் போதும். நோயாளி பெண்ணாயின் பெண்ணும், ஆணாயின் ஆணும் பேசட்டும். கேட்டதை வெளியே சொல்லாதவர்களாக இருக்கட்டும். தென்னாப்பிரிக்கத் தமிழ்க் கூட்டமைப்பு போன்ற அமைப்புகள் இதை எடுத்துச் செய்தால், நான் சார்ந்த கோயிலிலிருந்து முதற்பெயராக என் பெயரைத் தருகிறேன்.

தங்கள் நாளிதழைப் படிக்கும் குடும்பங்களில் முதியவர்கள் இருந்தால், அவர்கள் வாயில் வழங்கும் சொற்களை இப்போதே, அவர்கள் நலமாக இருக்கும்போதே, உட்கார்ந்து எழுதி வைக்குமாறு வேண்டுகிறேன். என் பன்னிரண்டு சொற்கள் எல்லோருக்கும் பொருந்தாது. என் மாமியார் ‘கொல்லைக்குப் போறேன்’ என்பார். எதிர்வீட்டுப் பெரியம்மா ‘வயிறு கூப்பிடுது’ என்பார். வலிக்கும் இப்படித்தான், குத்துது, குடையுது, கடுக்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது என்று வீட்டுக்கு வீடு வேறு சொல் இருக்கும். எழுதிய தாளை மருந்துச் சீட்டுகளோடும் கிளினிக் அட்டையோடும் ஒரே உறையில் போட்டு வைத்தால், நள்ளிரவில் ஆம்புலன்சுக்குக் காத்திருக்கும்போது தேட வேண்டியிராது. அம்மாவின் தாள் இப்போது இரண்டு பக்கமாகிவிட்டது. மணிக்கட்டுக் கட்டைப் பிரிக்க அடுத்த வாரம் மருத்துவமனைக்குப் போகும்போது அதன் ஒரு படியை அந்த இரவுச் செவிலியரிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி ஒருத்தி,
டர்பன், தென்னாப்பிரிக்கா